நட்சத்திரம் தெரியாதவர்களுக்கு ஓர் அர்ச்சனை

ஜூன் 26

அன்புள்ள தபோ அண்ணைக்கு,

நான் அனுப்பிய செய்திகள் ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்கள் கைபேசிக்கு அழைத்தால் புஸ்பா அக்கா எடுத்து, "அவர் படுத்திருக்கிறார் பிள்ளை" என்கிறார். நீங்கள் ஸ்டுட்கார்ட்டில், அக்கா இங்கே உங்கள் வீட்டில். நீங்கள் படுத்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கடைசியில் அவரே மனமிரங்கித் தன் தம்பி மதிசுதன் வீட்டு முகவரியைத் தந்தார். சிகிச்சைக்காக அங்கே தங்கியிருப்பவருக்குக் கைபேசி மட்டும் ஏன் வீட்டில் மறந்துபோனது என்பது எனக்கு விளங்குகிறது. ஆகவே கடிதம். எழுத்துப் பிழைகளை அம்மா திருத்தித் தந்தார். கோபத்தையும் கொஞ்சம் திருத்தினார்.

போன வாரம் திங்கட்கிழமை பத்திரிகையில் ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் தேர்த்திருவிழாப் படம் வந்தது. அரைப் பக்கம். ஆயிரக்கணக்கான சனம் நின்ற இடத்தில் அந்தப் படப்பிடிப்பாளருக்கு நீங்கள்தானா கிடைத்தீர்கள்? வெறும் மேலோடு, தோளில் மயிலிறகு வைத்த பெரிய காவடியோடு, வாய் நிறையச் சிரித்தபடி நிற்கிறீர்கள். நகரசபையில் உங்கள் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் இப்போது தெரியும்.

உங்களுக்கு நான் எதையும் நினைவுபடுத்தத் தேவையில்லை. ஆனால் இங்கே எல்லோரும் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறார்கள், அதனால் உங்களுக்கும் சொல்கிறேன். உங்களுக்குக் குடலில் புற்றுநோய். நோய்க்காசு தருகிற காலம் முடியப்போகிறது என்று கடிதம் வந்தபோது, சிகிச்சை பாதிதான் முடிந்திருந்தது. வேலையை விட்டு ஐம்பத்து நான்கு வயதில் ஓய்வூதியத்துக்கு எழுதிக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். ஊழியர் சபையில் இருக்கிறவள் என்ற உரிமையில் நான்தான் மேயரிடம் போனேன். மற்ற ஊழியர்கள் தங்கள் மேலதிக வேலை மணித்தியாலங்களைக் கொடுத்தால் அது உங்களுக்குச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பாகட்டும் என்று கேட்டேன். எங்கள் நகரத்தில் இதற்கு முன் நடக்காத காரியம். எத்தனை கூட்டம், எத்தனை அன்றாக் விண்ணப்பம். பிறகு ஒவ்வொரு பிரிவாகப் போய், "இவர் நல்ல மனிதர், எனக்குத் தெரியும்" என்று சொன்னேன்.

கொடுத்தார்கள், அண்ணை. நீச்சல் தடாகத்தில் வேலை செய்யும் லிண்டமன், தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு நிற்கச் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்தாள். அவள் அந்தப் பத்திரிகையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பேசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது ஒவ்வொருவராகத் திருப்பி எடுக்கிறார்கள். மாத முடிவுக்குள் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவளும் நான்தான். யாரும் விரும்பாமல் கொடுக்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் எழுதினேன்.

நான் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். காவடி பாரமா, நோயாளி ஒருவர் அதைத் தூக்கலாமா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஏன் செய்தீர்கள்? எனக்கு ஒரு சொல்லாவது முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா? உங்களுக்காக முகம் கொடுத்தவள் நான்.

ஜசிந்தா


ஸ்டுட்கார்ட்
ஜூலை 2

அன்புள்ள தங்கச்சி ஜசிந்தாவுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. அம்மா திருத்திய பிறகே இவ்வளவு சூடு என்றால், திருத்தாமல் வந்திருந்தால் மதிசுதன் வீட்டுத் தபால்பெட்டி எரிந்திருக்கும்.

கைபேசியை நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன். படம் வந்த பிறகு வேலையிடத்துக் குழுவில் எழுதினதுகளை வாசித்தேன். ஒருவன் எனக்கு அடுத்த ஒலிம்பிக்கில் இடம் கேட்டிருந்தான். பகிடிதான். அந்தப் பகிடிக்குக் கீழே சிரித்தவர்களின் பெயர்களையும் பார்த்தேன். அதற்குமேல் அந்தச் சாமானை வைத்திருக்க மனமில்லை.

முதலில் காவடி. நீர் கேட்கிறபடியால் சொல்கிறேன், வேறு ஆர் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது மெல்லிய தடியை வளைத்துத் துணி சுற்றினது. பார்க்கத்தான் பெரிது. நீர் தோளில் கொழுவிக்கொண்டு திரிகிற பை அதைவிடப் பாரம். பின்னால் மதிசுதன் பிடித்துக்கொண்டு வந்தான், மயிலிறகு அவனை மறைத்துவிட்டது. ஒரு வீதி சுற்றினேன். கோயிலைச் சுற்றி நடக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டுத்தான் போனேன், நடப்பது நல்லது என்றார். காவடி என்ற கதையை எடுக்கவில்லை. அதை அவருக்கு விளங்கப்படுத்த, அவரைச் சந்திக்க இன்னொரு தெர்மின் எடுக்க வேண்டும்.

நான் சிரித்துக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர். அது சிரிப்பில்லை. மூச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அதை ஒருத்தரும் படம் எடுக்கவில்லை.

ஏன் செய்தீர்கள் என்று கேட்டீர். நேர்த்தி என் நோய்க்கு வைத்ததில்லை. மணித்தியாலங்கள் சேரத் தொடங்கின நேரம், புஸ்பா ஒவ்வொரு நாளும் நீர் சொன்ன பெயர்களை எனக்குச் சொல்லுவாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சொந்தமில்லை, ஊரில்லை, ஒரு பாசையில்லை. தங்கள் பிள்ளைகளோடு இருக்க வேண்டிய நேரத்தைப் பிடுங்கி என் கையில் தருகிறார்கள். இதற்கு நான் என்ன செய்வேன்? ஓய்வறையில் கேக் வாங்கி வைத்தால் முடிகிற காரியமா? அவர்களும் அவர்களின் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், அம்மாளே, காவடி எடுத்து உன் வீதியைச் சுற்றுவேன் என்று வைத்தேன்.

காவடியை இறக்கிவிட்டு அர்ச்சனைக்குப் போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"நட்சத்திரம் தெரியாது ஐயா. ஜெர்மன் சனம்."

"அப்ப சுவாமி பேருக்குச் செய்வம்."

"இல்லை ஐயா. அவையின்ர பேர் சொல்லோணும்."

பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. அந்த மனிதர் பாவம், ஷ்ரோய்டர் என்ற பெயரை மூன்றுதரம் சொல்லிப் பார்த்து ஒருமாதிரி அம்மனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். லிண்டமன், கிறிஸ்ரியன் எல்லோருக்கும் ஆனது. கடைசியில் உமது பெயரைச் சொன்னேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"இது வேதப்பிள்ளையின்ர பேரெல்லோ?"

"ஓம் ஐயா. எங்கட பிள்ளைதான்."

உமக்கு முன்னமே சொல்ல நினைத்தேன். சொன்னால் இதற்கு அனுமதி இருக்கா என்று கேட்டு நாலு இடத்துக்கு எழுதுவீர். அம்மாளிடம் வைத்த நேர்த்திக்கு நகரசபையில் எப்படி அனுமதி கேட்பது? அதனால் பேசாமல் இருந்தேன். அது பிழை என்றால் பிழைதான்.

இதை அங்கே ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். உனக்காகக் கும்பிட்டேன் என்று போய்ச் சொல்லுவது கும்பிட்டதற்கு விலை கேட்கிற மாதிரி. போகிற மணித்தியாலம் போகட்டும். நீர் ஒருத்தி என் பக்கம் நிற்கிறீர், அது எனக்குக் காணும்.

அன்புடன்,
தபோ அண்ணை


ஜூலை 7

அன்புள்ள தபோ அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். அம்மாவிடமும் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "அம்மனிட்ட உன்ர பேரைச் சொல்லியிருக்கிறார், நீ அந்த மனுசனை என்ன கேள்வி கேட்டு எழுதினனி" என்று என்னைத்தான் ஏசினார்.

அண்ணை, இதைச் சொல்ல விடுங்கள். மன்றாடிக் கேட்கிறேன். அவர்கள் உங்களை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பொறுமையில்லை, ஒரு படத்தைப் பார்த்தவுடன் முடிவெடுத்துவிட்டார்கள். ஒருவராவது உங்களைக் கேட்டார்களா? மாத முடிவில் பார்த்தபோது கொடுத்ததில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கிறது. ஆகஸ்ட் நடுப்பகுதிவரைகூட வராது. உங்கள் மருந்து ஏற்றுவது செப்ரெம்பர் கடைசியில்தான் முடியும் என்று அக்கா சொன்னார்.

பெயர் பெயராக அர்ச்சனை செய்தீர்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கு வெட்கம் வரும். வரட்டும். இவ்வளவு கெதியாக மனம் மாறுகிறவர்களுக்கு அது வேண்டும்.

சாப்பிட முடிகிறதா? கை விரல் விறைப்புக் குறைந்ததா? மதிசுதன் அண்ணையின் சமையலைத் தாங்கிக்கொண்டு இருக்கிறீர்கள் என்றால் மருந்தையும் தாங்குவீர்கள்.

அன்புடன்,
ஜசிந்தா


ஸ்டுட்கார்ட்
ஜூலை 15

ஜசிந்தாவுக்கு,

சனிக்கிழமை கிறிஸ்ரியன் வந்தான். என்னோடு பூங்காப் பிரிவில் இத்தனை வருடம் புல் வெட்டினவன், உமக்குத் தெரியும். அவ்வளவு தூரம் ரயிலில் வந்து, கதவடியில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். கொடுத்த மணித்தியாலத்தைத் தானும் திருப்பி எடுத்துவிட்டதாகவும், அதைக் கடிதத்திலோ தொலைபேசியிலோ சொல்லத் தனக்கு ஏலாதென்றும் சொன்னான். ஒரு மனிதன் தான் செய்ததை முகத்துக்கு நேரே சொல்ல வந்தால் அவனைக் கோபிக்க எனக்கு வராது. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

எல்லோருமாக ஏன் இப்படி ஓடினீர்கள் என்று கேட்டேன். அவன் ஜெர்மனில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"முதல் எடுத்தது ஜசிந்தா. பேப்பர் வந்த அண்டு காலமையே எடுத்திட்டா. அவவுக்கு உங்கட ஆக்களைத் தெரியும், உன்னையும் தெரியும். அவவே எடுத்தால் விசயம் உண்மைதான் எண்டு நினைச்சம்."

நான் நம்பவில்லை. அவனோடு சண்டை பிடித்தேன். உனக்கு ஆரோ பிழையாகச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பிள்ளை அப்படிச் செய்யாது, அவள் எனக்காக எல்லோரோடும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று சத்தம் போட்டேன். மதிசுதன் வந்து என்னை இருத்தினான். கிறிஸ்ரியன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தானும் நீரும் ஒரே நேரம் அலுவலகத்தில் நின்றதாகவும், நீர் அதைச் செய்யும்போது தான் பக்கத்தில் நின்றதாகவும் சொன்னான்.

அவன் போன பிறகு உமது இரண்டு கடிதத்தையும் எடுத்து வாசித்தேன். எல்லா இடத்திலும் "அவர்கள்". அவர்கள் எடுக்கிறார்கள், அவர்களுக்குப் பொறுமையில்லை, அவர்களுக்கு வெட்கம் வர வேண்டும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீர் தபால் உறைக்குள் மறைத்துவிட்டீர்.

எனக்கு நெஞ்சு கொதிக்கிறது, ஜசிந்தா. மணித்தியாலத்துக்காக இல்லை. நகரசபையில் தமிழர் என்று இருந்தது நாங்கள் இரண்டு பேர். என்னைப் பற்றி அங்கே ஒருவருக்கு ஏதும் தெரிய வேண்டுமென்றால் உம்மைத்தான் பார்ப்பார்கள். நீர் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர். பந்தியில் கூட்டிக்கொண்டுவந்து இருத்தினவளே இலையை இழுத்துவிட்டாள் என்றால், மற்றவர்கள் சோறு போடுவார்களா?

காவடி பாரமோ இல்லையோ என்று தெரியாது என்றீர். தெரியாதென்றால் கேட்டிருக்கலாம். அந்தத் திங்கட்கிழமை காலமை நான் வீட்டில்தான் படுத்திருந்தேன். கைபேசி தலைமாட்டில் கிடந்தது. நீர் எடுத்திருந்தால் நானேதான் கதைத்திருப்பேன்.

தபோதரன்


ஜூலை 22

அன்புள்ள தபோ அண்ணைக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. பிழைகள் இருக்கும்.

கிறிஸ்ரியன் சொன்னது உண்மை. அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன், நீங்கள் மன்னிப்பதற்காக இல்லை, உங்களுக்கு அது தெரிய வேண்டும்.

அன்று காலை நான் வேலைக்குப் போனபோது ஓய்வறையில் எல்லோரும் பத்திரிகையைச் சுற்றி நின்றார்கள். நான் உள்ளே வந்ததும் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. இது என்ன, இது விளையாட்டா, இவ்வளவு பெரியதைத் தூக்குகிறவர் எப்படி நோயாளி, உனக்குத் தெரியுமா, உனக்கு முன்பே தெரிந்திருந்ததா? ஊழியர் சபைத் தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், கெட்டதாக ஒன்றும் சொல்லவில்லை. "நீ உன்னுடைய மணித்தியாலங்களை அங்கேயே விட்டு வைத்தால், உங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று சொல்லுவார்கள். பிறகு இந்தத் திட்டமே போய்விடும்" என்றார்.

அண்ணை, நான் இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் எங்கேயாவது ஒரு தமிழன் களவெடுத்தான் என்று செய்தி வந்தால் ஆசிரியை என்னைத்தான் பார்ப்பார். நான் எட்டு வயதில் பதில் சொல்லத் தொடங்கினேன், இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அம்மனுக்கு நேர்த்தி வைத்துவிட்டுப் போய் ஒரு வீதி சுற்றினீர்கள். அடுத்த நாள் அந்தக் காவடியைத் தூக்கிக்கொண்டு நகரசபையைச் சுற்றியது நான். ஒரு சொல் எனக்கு முன்பே சொல்லியிருந்தால், நான் அந்த ஓய்வறையில் தலை நிமிர்ந்து நின்றிருப்பேன். நீங்கள் என்னை நம்பவில்லை. அந்தக் கோபம் எனக்கு இப்போதும் இருக்கிறது.

ஆனால் உங்களை அழைக்காமல் விட்டதற்குக் காரணம் அந்தக் கோபம் இல்லை. நீங்கள் நல்ல பதில் ஒன்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன். சொன்னால் நான் உங்கள் பக்கம் நிற்க வேண்டிவரும். அன்று எனக்கு அந்தப் பக்கம் நிற்கத் துணிவில்லை. நான் சுத்தமானவள் என்று காட்ட உங்களைக் கொடுத்தேன். பிறகு உங்களுக்குக் கேள்வி கேட்டு எழுதினேன். எழுதும்போது அதை எப்படியும் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை ஊழியர் கூட்டம் நடந்தது. எழுந்து சொன்னேன்: அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் எடுத்தேன், என்னைப் பார்த்து நீங்கள் எடுத்தீர்கள், அவர் பின்னால் ஒருவர் தாங்கிப் பிடிக்க நடந்தார், டொக்டரிடம் கேட்டுவிட்டு நடந்தார், என்னுடைய பிழை. அர்ச்சனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது உங்களுடையது. பேசி முடித்ததும் ஷ்ரோய்டர் வெளியே போய்விட்டார். கிறிஸ்ரியன்தான் முதலில் எழுந்து தன்னுடையதைத் திரும்பக் கொடுப்பதாகச் சொன்னான். பிறகு சிலர். எல்லோரும் இல்லை. லிண்டமன் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் என் மேலதிக மணித்தியாலம் முழுவதையும், இந்த வருட விடுமுறையில் கொடுக்கக்கூடியதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதோடு சேர்த்தால் உங்கள் கடைசி மருந்துவரை வரும். தயவுசெய்து ஏற்றுக்கொள்ளுங்கள். என்னோடு கதைக்க வேண்டாம், ஆனால் இதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜசிந்தா


ஸ்டுட்கார்ட்
ஆகஸ்ட் 11

ஜசிந்தாவுக்கு,

உமக்குப் பதில் எழுத இவ்வளவு நாள் எடுத்ததற்கு மருந்து பாதிக் காரணம். மற்றப் பாதி நான்.

கூட்டத்தில் எழுந்து சொன்னீர் என்று கிறிஸ்ரியனும் எழுதியிருந்தான். அப்படி எல்லோர் முன்னாலும் நிற்க ஒரு நெஞ்சு வேண்டும். அர்ச்சனையைச் சொல்லாமல் விட்டதற்கும் நன்றி. சொல்லியிருந்தால் இன்னும் நாலு பேர் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கும் தெரியும், உமக்கும் தெரியும்.

உமக்கு முன்னமே சொல்லாமல் விட்டது என் பிழை. எட்டு வயதிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்ததை வாசித்துவிட்டு எழும்பிப் போய் யன்னலடியில் நின்றேன். என் மகளும் இங்கேதான் படித்தாள். அவள் ஒருநாளும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. கேட்காமல் இருந்தது நான்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. திரும்பக் கொடுத்தவர்களின் மணித்தியாலத்தை ஏற்றுக்கொள்கிறேனா என்று கேட்டிருந்தார்கள். கிறிஸ்ரியன் தந்ததை ஏற்றுக்கொண்டேன். மற்றவர்கள் தந்ததையும் ஏற்றுக்கொண்டேன். லிண்டமன் தராதது நல்லது, அது அந்தப் பிள்ளைகளின் விடுமுறை, முதலே அதை வாங்கியிருக்கக் கூடாது. உம்முடையதை மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

புஸ்பா தொலைபேசியில் அழுகிறாள். "அந்தப் பிள்ளை தன்ர பிழையைச் சொல்லிட்டுது, இனி உங்களுக்கு என்ன வேணும்? உயிரோட விளையாடாதேங்கோ" என்கிறாள். மதிசுதன் இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. உம்முடையது இல்லாவிட்டால் கடைசி இரண்டு தரம் மருந்து ஏற்றுவதற்கு முன்னமே நான் வேலைக்கு வர வேண்டும் என்று எனக்கும் கணக்குத் தெரியும். டொக்டருடன் கதைத்தேன். கையொப்பம் இடமாட்டேன் என்று முதலில் நின்றார், பிறகு பாதி நாள் வேலை, பாரம் தூக்கக் கூடாது என்று எழுதித் தந்தார். செப்ரெம்பர் முதல் திங்கள் வருகிறேன். கருவிகள் வைக்கிற அறையில் இருந்துகொண்டு கத்தரிக்கோல் தீட்டலாம் என்று கிறிஸ்ரியன் சொல்லியிருக்கிறான்.

இது வீம்பு என்று நினைப்பீர். கொஞ்சம் வீம்பும் இருக்கிறது. ஆனால் நான் இரவும் பகலும் இதைத்தான் யோசித்தேன். கிறிஸ்ரியனும் மற்றவர்களும் என்னைச் சந்தேகப்பட்டார்கள். காவடி என்றால் என்ன என்று தெரியாத சனம், படத்தைப் பார்த்து நினைத்தார்கள், பிறகு உண்மை தெரிந்து திரும்பி வந்தார்கள். அவர்களிடம் வாங்க எனக்கு வெட்கமில்லை. நீர் என்னைச் சந்தேகப்படவில்லை, ஜசிந்தா. நான் நல்ல பதில் வைத்திருப்பேன் என்று தெரிந்துதான் அழைக்காமல் விட்டீர்.

தபோதரன்